வூட்டு வண்டி

பென்சில் நுழைகிற ஓட்டை இருந்தால் போதும், சுண்டெலி நுழைந்துவிடும். பீம்ராவ் இதைத் தெரிந்துகொண்டது காலம் கடந்த பிறகு. இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் சட்டைப் பையில் ஒரு பென்சிலைச் சொருகிக்கொண்டுதான் திருவொற்றியூருக்குப் போகிறான்.

அங்கே உபைதுல்லாவின் டிரெய்லர் ஷெட்டில், கடைசி மூலையில், கோதுமை குடோன் சுவரை ஒட்டி வண்டி நிற்கிறது. பழைய டெம்போ டிராவலர். சினிமா கம்பெனி ஒன்று அதில் நடிகர்களின் துணிமணி ஏற்றிக்கொண்டிருந்தது. ஏலத்துக்கு வந்தபோது பீம்ராவும் மனைவி மகிழினியும் எடுத்தார்கள். உள்ளே மடக்குக் கட்டில், அதற்கடியில் பெட்டி, ஒற்றை அடுப்பு, பாத்திரம் கழுவ ஒரு தொட்டி, ஜன்னலுக்கு மஞ்சள் திரை. சினிமாக்காரர்கள் கேரவன் என்பார்கள். ஷெட்டில் இருப்பவர்களுக்கு அது வூட்டு வண்டி.

பீம்ராவுக்கு முப்பத்தொரு வயது. மகிழினி இறந்து எட்டு மாதம் ஆகிறது. வண்டி அவளுடைய ஆசை. மாநகராட்சிப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. கோடை விடுமுறை முழுக்கச் சம்பளத்தோடு வீட்டில் இருப்பது பாவம் என்பாள். கடலை இடது பக்கம் வைத்துக்கொண்டே கன்னியாகுமரி வரை ஓட்டிப் போவது அவள் திட்டம். பலகையை அறுத்தது, திருகு முடுக்கியது, வண்ணம் அடித்தது எல்லாம் அவள்தான். வண்டி ஒரே ஒரு தடவை எண்ணூர் வரை போய்த் திரும்பியது. அவ்வளவுதான் அதன் பயணம்.

அன்று காலையும் பீம்ராவ் வண்டிக்கடியில் மல்லாந்து படுத்து, அதன் அடிப்பக்கத் தகட்டில் பென்சிலால் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தான். தலைமாட்டில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வந்து நின்றது.

"இன்னா மாமு, எலி இன்னிக்கி கையெழுத்து போட்டுச்சா?" என்றார் உபைதுல்லா.

"போட்டிருக்கு பாய். அஞ்சு."

"அஞ்சு எலியா?"

"அஞ்சு புழுக்கை. அடுப்பு டிராயர்ல. புதுசு."

"அட, அஞ்சு புழுக்கைக்கா இப்டி படுத்துகினு கீற? பக்கத்துல கோதுமை குடோன். அதுங்களுக்கு அது கல்யாண மண்டபம். சாப்ட்டு முடிச்சா படுக்க ரூம் வேணாமா? உன் வண்டிதான் லாட்ஜு." அவர் குனிந்து டீ கிளாஸை டயர் ஓரம் வைத்தார். "பூனைய வுட்டுப் பாத்தேன். அந்த சோம்பேறி எலியோட தோஸ்து ஆயிட்சி. வித்துத் தொலை மாமு. நானே ஆள் புடிச்சித் தரேன்."

பீம்ராவ் அடுத்த இடத்தில் பென்சிலைக் குத்தினான். விற்கலாம்தான். வாங்குகிறவன் கட்டிலில் படுப்பான். அவன் பெண்டாட்டி பெட்டியைத் திறப்பாள்.

ஆகவே ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருந்தான். குழாய் போகிற இடம், ஒயர் போகிற இடம், கதவின் கீழ் விளிம்பு, சக்கர வளைவுக்குள் துருப்பிடித்த தகட்டு இணைப்பு. பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரைத் திணித்து, மேலே தகரம் வைத்து, ரிவெட் அடித்து, ஓரத்துக்குப் பசை பூசினான். துணியைக் கடிக்கிற எலி கம்பி நாரைக் கடிக்காது, வாயில் குத்தும். மெத்தையையும் தின்பண்டத்தையும் எடுத்தாகிவிட்டது. சோப்பைக்கூட விட்டுவைக்கவில்லை; எலி சோப்பு தின்னும். ஒவ்வொரு ஞாயிறும் ஒரு வழி அடைபடும். அடுத்த ஞாயிறு டிராயரில் கருஞ்சீரகம் சிந்தியதுபோல் நாலோ ஐந்தோ கிடக்கும். அதன்மேல் பிளீச்சிங் தண்ணீர் தெளித்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, உறை போட்ட கையால் துடைப்பான். துடைத்த காகிதத்தை இரண்டு பைக்குள் கட்டுவான். இதையெல்லாம் இப்போது யாராவது தேர்வு வைத்தால் நூற்றுக்கு நூறு வாங்குவான்.

அவன் வேலையே ஓட்டை பார்ப்பதுதான். துறைமுகத்துக்குப் போகிற பெட்டிகள் வந்து சேரும் யார்டில் கன்டெய்னர் சர்வேயர். காலிப் பெட்டியில் சரக்கு ஏற்றுவதற்கு முன் லைட் டெஸ்ட் என்று ஒன்று உண்டு. சர்வேயர் உள்ளே போக வேண்டும். வெளியே இருப்பவன் இரண்டு கதவையும் சாத்துவான். கும்மிருட்டு. கண் பழகும் வரை நின்று சுற்றிப் பார்க்க வேண்டும். எங்காவது ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தால் அங்கே ஓட்டை. அந்த வழியாகத் தண்ணீர் வரும், பூச்சி வரும். பெட்டிக்கு மூன்று நிமிடம். மே மாத வெயிலில் அந்த இரும்புக்குள் மூன்று நிமிடம் நின்றவனுக்குத்தான் அதன் நீளம் தெரியும். நாளைக்கு அறுபது எழுபது பெட்டி வந்தால் எந்த சர்வேயரும் உள்ளே போவதில்லை. வெளியே நின்று எட்டிப் பார்த்துவிட்டு, படிவத்தில் டிக் அடித்துவிடுவான். எல்லோரும் செய்வதுதான். பீம்ராவும் செய்வான்.

போன நவம்பரில் தொட்டி பொருத்தினார்கள். தண்ணீர் வெளியேறத் தரையில் ஓட்டை போட வேண்டியிருந்தது. அதை மட்டும் பீம்ராவ் போட்டான். குழாய் ஒன்றரை அங்குலம்; ஓட்டை மூன்று அங்குலத்துக்குப் போய்விட்டது. சுற்றி இருந்த சந்தில் ஷெட்டில் கிடந்த கோதுமைச் சாக்கைக் கிழித்துத் திணித்தான். எலிக்கு வாசலும் திறந்து, விருந்து வாசனையும் காட்டி, படுக்கையும் விரித்துக் கொடுத்த மாதிரி.

மகிழினி வெளியே நின்று கேட்டாள்: "லைட் டெஸ்ட் பண்ணியா?"

"பண்ணிட்டேன்."

"கதவ சாத்தி?"

"சாத்திதான்டி. எனக்கே சொல்லித் தரியா?"

சாத்தவில்லை. உள்ளே புழுக்கமாக இருந்தது. வாய் தானாக டிக் அடித்தது.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கட்டிலுக்கடியில் இருந்த பெட்டியைத் திறந்தாள். சாக்கு நாரும் தலையணைப் பஞ்சும் சேர்த்துக் கட்டிய கூடு. உள்ளே விரல் நுனி அளவில், ரோமம் முளைக்காத குட்டிகள் ஆறு. "ஐயோ, இங்க பாருடா, வாடகை குடுக்காம குடும்பம் நடத்துது" என்று சிரித்தாள். கூட்டை அப்படியே இரண்டு கையாலும் அள்ளி எடுத்தாள். அவள் ஆள்காட்டி விரலில் முதல் நாள் தகரம் கிழித்த காயம் இருந்தது. கூட்டைக் குடோன் சுவருக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்து, பெட்டியை ஈரத் துணியால் துடைத்தாள். கை கழுவ சோப்பைத் தேடினாள். சோப்பை எலி தின்றிருந்தது. வெறும் தண்ணீரில் கழுவினாள்.

பீம்ராவ் படியில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் "கதவ சாத்திப் பாத்தேன்னு சொன்னியே" என்று கேட்டுவிடுவாளோ என்று தலையைக் குனிந்துகொண்டே இருந்தான். அவள் கேட்கவில்லை.

ஒன்பதாம் நாள் வியாசர்பாடியில் வெள்ளம். அவள் அம்மா வீடு ஹவுசிங் போர்டில் கீழ்த்தளம். அம்மா வரலட்சுமி, தையல்காரி, போனில் கூப்பிட்டாள்: மெஷின் நனையுது, ஓடி வாடி. மகிழினி இடுப்பளவுத் தண்ணீரில் போய், தையல் மெஷினையும் பிரிட்ஜையும் முதல் மாடிக்கு ஏற்றிவிட்டு வந்தாள். நாலாம் நாள் காய்ச்சல்.

தெருமுனை கிளினிக்கில் கூட்டம். அந்த வாரம் தண்ணீரில் நிற்காதவர்கள் யார்? எல்லோருக்கும் வைரல் காய்ச்சல் மாத்திரைதான். மகிழினி வெளி பெஞ்சில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். டாக்டர் பீம்ராவைக் கேட்டார்: "வீட்ல எலி தொல்லை உண்டா? வேற எங்கயாவது எலி இருக்கற இடத்த சுத்தம் பண்ணாங்களா? பண்ணியிருந்தா சொல்லுங்க, வேற மாத்திரை தரணும்."

"இல்ல சார்" என்றான் பீம்ராவ்.

ஏன் சொன்னான் என்று அவன் தன்னையே பலமுறை கேட்டிருக்கிறான். எலி என்றால், எப்படி வந்தது என்று அடுத்த கேள்வி வரும். அது டாக்டரிடமிருந்து வராது. பெஞ்சில் இருப்பவளிடமிருந்து வரும். அவ்வளவு சின்னக் காரணம்.

மூன்றாம் நாள் அவள் கண் மஞ்சளானது. பெரிய ஆஸ்பத்திரியில் எலிக்காய்ச்சல் என்றார்கள். வெள்ளத் தண்ணியில நடந்தாங்களா என்று கேட்டார்கள். ஆமாம் என்று பீம்ராவ் உடனே சொன்னான். அந்த ஆமாம் காகிதத்தில் ஏறியது. காகிதத்திலிருந்து எல்லோர் வாய்க்கும் போனது. அவளை அடக்கம் செய்த அன்று வியாசர்பாடி முழுக்கத் தெரிந்திருந்தது: அம்மாக்காரி மெஷினுக்காகக் கூப்பிட்டாள், மகள் தண்ணீரில் இறங்கினாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். பீம்ராவ் மறைத்தது ஒரு சுண்டெலியை. அது சோற்றுக்குள் சத்தமில்லாமல் இருந்தது.

மாமனார் கிருஷ்ணப்பன் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காரியம் முடிந்த அன்று மனைவியிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "நீ கூப்டலன்னா அது போயிருக்காது." பிறகு அவளோடு பேச்சை நிறுத்திவிட்டார். ஆனால் புதன்கிழமைதோறும் மெஸ்ஸில் மீன் குழம்பு வாங்கிக்கொண்டு ராயபுரத்தில் பீம்ராவின் வீட்டுக்கு வருவார். தட்டு எடுத்து அவரே பரிமாறுவார். "துன்னு நைனா. எனக்கு மிச்சம் நீ ஒருத்தன்தான்" என்பார். பீம்ராவ் தின்பான்.

அன்று காலை உபைதுல்லா வைத்த டீயைப் பீம்ராவ் குடித்து முடித்தபோது ஷெட் வாசலில் ஷேர் ஆட்டோ ஒன்று நின்றது. வரலட்சுமி இறங்கினாள். கையில் ஒரு கட்டைப்பை, கக்கத்தில் சுருட்டிய பாய்.

பீம்ராவ் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான். "அத்த? நீங்க எங்க இங்க?"

"ஏன், வரக் கூடாதா? என் பொண்ணு கட்ன வூடுதான இது?" அவள் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். கதவு திறந்திருந்தது. ஏறி, மஞ்சள் திரையைத் தொட்டுப் பார்த்தாள். அது அவள் தைத்தது. "தையல் பிரியல. நல்லாத்தான் கீது." பையைக் கட்டிலின்மேல் வைத்தாள். "நான் இங்கயே இருந்துக்கறேன் பீமு."

"இங்கயா?"

"எட்டு மாசம் பாத்துட்டேன். அந்தாளு ஒரே வூட்ல பொணம் மாறி கீறாரு. சோறு வெச்சா தட்ட நகத்தி வெச்சிட்டு பூடறாரு. நேத்து என் மெஷின தூக்கி மாடிப்படில வெச்சாரு. எடுத்துகினு போடின்னு வாய தொறந்து சொன்னாகூட சண்ட போடலாம். சொல்லல. படில வெச்சாரு, உள்ள போய் கதவ சாத்திகினாரு." அவள் குரல் உயரவே இல்லை. "அவரு மேல தப்பு சொல்லல. கூப்ட்டது நான்தான?"

பீம்ராவ் தரையைப் பார்த்தான். பிறகு சொன்னான்: "என் வீட்ல வந்து இருங்க அத்த."

"பொண்டாட்டி இல்லாத மருமவன் வூட்ல மாமியாக்காரி போய் உக்காந்தா ஊரு இன்னா பேசும்? நாளைக்கி உனுக்கு எவளாவது பொண்ணு குடுப்பாளா? அதெல்லாம் வேணாம். இது சும்மாதான நிக்குது."

"பாத்ரூம் இல்ல அத்த. சுத்தி லாரிக்காரங்க."

உபைதுல்லா அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார். நல்ல மனிதர், நல்ல மனிதர்கள் சமயத்தில் காலை வாரிவிடுவார்கள். "அட, அதுக்கு இன்னாமா? பின்னாடி தெருதான் என் பொண்ணு ஜெரினா வூடு. பாத்ரூமு, தண்ணி எல்லாம் அங்க. லாரிக்காரனுங்க நம்ம பசங்கதான், ஒருத்தன் திரும்பிப் பாக்க மாட்டான். கரன்டு வேணா ஷெட்லேந்து இஸ்து குடுக்கறேன். மெஷின் போட்டு தெச்சிகினு இரும்மா. எங்க டிரைவருங்க சட்டைக்கே உனுக்கு வேல சரியா பூடும்."

"கேட்டியா?" என்றாள் வரலட்சுமி. எட்டு மாதத்தில் முதல் முறையாக அவள் முகம் கொஞ்சம் தளர்ந்தது.

"எலி இருக்கு அத்த" என்றான் பீம்ராவ்.

"எலியா?" அவள் சிரித்தே விட்டாள். "வியாசர்பாடில பொறந்து வளந்தவ கிட்ட எலின்னு சொல்றியா? பெருச்சாளிக்கே எங்க வூட்ல ரேஷன் கார்டு கீது. தள்ளு, சுத்தம் பண்ணிக்கறேன்."

முந்தானையை இடுப்பில் சொருகினாள். பையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, கட்டில் பலகையைத் தூக்கினாள். பெட்டியின் மூலையிலும் கருஞ்சீரகம் சிந்திக் கிடந்தது. இதைப் பீம்ராவ் காலையில் பார்க்கவில்லை. வாயால் ஊதினாள். பிறகு கையை நீட்டினாள், வெறும் கை, விரல் முனையெல்லாம் ஊசி குத்திய புள்ளிகள்.

"கைய எடு!"

அவன் கத்தியது ஷெட் தகரத்தில் போய் மோதியது. அவள் மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்திருந்தான். பலகை தடாலென்று விழுந்தது. எதிரே டயர் கழற்றிக்கொண்டிருந்த இருவர் திரும்பிப் பார்த்தார்கள். உபைதுல்லா வாய் திறந்தபடி நின்றார்.

வரலட்சுமி தன் கையைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். "இன்னாடா?"

"அவளும் இப்படித்தான் எடுத்தா."

"எவ?"

"மகி. இந்தப் பெட்டியிலேந்து. வெறுங்கையில."

அவள் மெல்லக் கட்டிலின்மேல் உட்கார்ந்தாள். "எப்போ?"

"வெள்ளத்துக்கு ஒம்பது நாள் முன்னாடி."

ஷெட்டுக்கு வெளியே ஒரு டிரெய்லர் பின்னால் வந்துகொண்டிருந்தது. அதன் எச்சரிக்கை மணி விட்டு விட்டு ஒலித்தது. அது நிற்கும் வரை அவள் விரல்களை மடக்கி எண்ணினாள்.

"முன்னாடியா?"

"ஆமா அத்த. கையில வெட்டுக்காயம் வேற. இந்த நோய் உள்ள போய் காய்ச்சலா வர ஒரு வாரம், பத்து நாள், அதுக்கு மேலயும் ஆகுமாம். அப்புறமாத்தான் படிச்சேன். தண்ணியில எறங்கின நாலாம் நாளே காய்ச்சல் வந்திடுச்சு. இங்கேந்து கணக்குப் பாத்தா பதிமூணு நாள்."

"எலி எப்டி வந்துச்சி?"

"நான் போட்ட ஓட்டை. சாக்கு வெச்சு அடைச்சேன். சரி பாத்தியான்னு கேட்டா. பாத்தேன்னு சொன்னேன். பாக்கல."

"அது எலிய அள்ளிகினு கெடந்தப்ப நீ இன்னா பண்ணிகினு இருந்த?"

"படியில உக்காந்து போன் பாத்துகிட்டிருந்தேன்."

அவள் தலையசைத்தாள், ஏதோ அளவு சொல்லக் கேட்டுக்கொள்கிறவள்போல. பிறகு கேட்டாள்: "டாக்டரு ஒண்ணும் கேக்கலியா?"

இந்தக் கேள்விக்குத்தான் அவன் எட்டு மாதமாகப் பயந்துகொண்டிருந்தான். "கேட்டாரு. மொத நாளே கேட்டாரு. எலி இருந்தா வேற மாத்திரை தரணும்னாரு. இல்லன்னு சொல்லிட்டேன்."

உபைதுல்லா மெதுவாக நகர்ந்து டயர்க்காரர்கள் பக்கம் போனார். "இன்னாடா வேடிக்க? நட்ட கழட்டு" என்று அவர்களை அதட்டினார். அவர் குரலில் சுரத்தே இல்லை.

"தண்ணியாலயும் வந்திருக்கலாம் அத்த" என்றான் பீம்ராவ். சொல்லும்போதே சொல்லியிருக்கக் கூடாது என்று தெரிந்தது. "எதனாலன்னு யாருக்கும் நிச்சயமா தெரியாது."

"யாருக்கும் தெரியாதுன்னுதான் என் தலையில வெச்சியா?"

அவன் கண் வண்டியின் படிக்குப் போனது.

"ஒம்போது பன்னண்டு" என்றாள். "காலையில ஒம்போது பன்னண்டுக்கு அதுக்கு போன் பண்ணேன். போன்ல இன்னும் கீது அது, அழிக்கல. தெனம் எழுந்து மொத வேலையா அத எடுத்துப் பாப்பேன். ஒம்போது பன்னண்டு. ஒரு கால் மணி நேரம் பொறுத்துகினு இருந்தா மேல் வூட்டு ஆம்பளைங்க வந்திருப்பாங்க. மெஷின் போனா போவுதுன்னு வுட்ருக்கலாம். ஒரு இரும்புக்காக புள்ளய கொன்னுட்டேன்னு நானே சொல்லிகினு கெடந்தேன்டா. பதினாறாம் நாளு நீ எதிர்ல உக்காந்துகினு இருந்த. நான் மார்ல அடிச்சிகினு அழுதப்ப நீ தண்ணி மொண்டு குடுத்த. குடுத்தியா இல்லியா?"

"குடுத்தேன்."

அவள் அடித்தாள். கன்னத்தில் இல்லை, தோளில், நெஞ்சில், எட்டிய இடத்தில், மூடிய கையால். ஐந்தாறு அடி. அவன் நகரவில்லை. வலித்தது, அந்த வலி போதவில்லை. அவளுக்கு மூச்சு வாங்கியது. நிறுத்திவிட்டு, அவிழ்ந்த கொண்டையைக் கட்டிக்கொண்டாள். பையையும் பாயையும் எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

"வா."

"எங்க?"

"அந்தாளு கிட்ட. இன்னா இன்னா சொன்னியோ எல்லாத்தையும் சொல்லு."

"இப்பவா? புதன்கிழமை அவரே வருவாரு, நான் அப்ப பொறுமையா..."

"புதன்கிழமை மீன் கொழம்பு துன்னுட்டு சொல்வியா?" என்றாள். அவள் அதைத் தெரிந்துவைத்திருந்தாள். "எனுக்கு மிச்சம் அவன் ஒருத்தன்தான்னு தெரு பூரா சொல்லிகினு திரியறாரு. சொன்னா அதையும் போக்கடிச்சிக்கணும்ல நீ? அதுக்குத்தான் வாய மூடிகினு இருந்த. வா."

அவள் சொன்னது சரி. அவன் மாமனாரிடம் பயந்தது திட்டுக்கோ அடிக்கோ அல்ல. அவர் தட்டு எடுத்துப் பரிமாறுவது நின்றுவிடும். அவ்வளவுதான். அதற்காக ஒருத்தியை எட்டு மாதம் எரியவிட்டிருந்தான்.

உபைதுல்லா வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டார். "பூட்டிக்கறேன் போ" என்றார். மாமு என்று சொல்லவில்லை.

தண்டையார்பேட்டை வரை ஒரு ஷேர் ஆட்டோ, அங்கிருந்து இன்னொன்று. அவள் பின் இருக்கையில் பெண்களோடு உட்கார்ந்தாள். அவன் ஓட்டுநர் பக்கத்தில் பாதி தொடை வெளியே தொங்க உட்கார்ந்தான். இறங்கும்போது பையை வாங்கக் கை நீட்டினான். அவள் தரவில்லை. வழியில் அவன் மனம் வாக்கியங்களைச் சீவிக்கொண்டே வந்தது. எனக்கும் இப்பதான் மாமா தெரிஞ்சுது. டாக்டர் சரியா கேக்கல மாமா. ஒவ்வொன்றும் வாய்க்கு இதமாக இருந்தது. ஒவ்வொன்றையும் அவள் பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பதாகத் தோன்றியது.

வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் பிளாக் முன்னால் நாலு பேர் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். கிருஷ்ணப்பன் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். மாடிப்படியின் மூன்றாவது படியில் தையல் மெஷின் அப்படியே இருந்தது. ஏறி இறங்குபவர்கள் அதை ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். மருமகனைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. பின்னால் வந்த மனைவியைப் பார்க்காததுபோல் பார்வையைத் தாண்டவிட்டார்.

"வா நைனா. இன்னா திடீர்னு? சாப்ட்டியா? மூஞ்சி இன்னா இப்டி கீது?" எழுந்து நாற்காலியை அவன் பக்கம் நகர்த்தினார். "உக்காரு. டீ சொல்றேன்."

வரலட்சுமி படியருகே போய், மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பீம்ராவ் உட்காரவில்லை. "மாமா, வண்டியில எலி இருந்துச்சு" என்றான்.

"எலி எங்கதான் இல்ல?" கேரம் ஆடியவர்கள் பக்கம் திரும்பிச் சிரித்தார். "இத சொல்லவா இம்மாந்தூரம் வந்த? பொறி ஒண்ணு வாங்கித் தரேன், மசால் வடய வெச்சி..."

"போன நவம்பர்ல மாமா. வெள்ளத்துக்கு முன்னாடி. மகி அத வெறுங்கையில அள்ளிப் போட்டா. எலி வந்தது என்னாலதான்."

கேரம் ஆடியவன் ஒருவன் ஸ்ட்ரைக்கரைச் சுண்டப் போன விரலை அப்படியே வைத்திருந்தான். கிருஷ்ணப்பனின் சிரிப்பு முகத்தில் கொஞ்ச நேரம் நின்றது. அகல வழி தெரியாமல் நின்றதுபோல் இருந்தது. அவருக்குக் கணக்கு புரிய நேரமெடுத்தது. ரயில் பெட்டிகளில் முப்பது வருடம் அங்குலம் பார்த்தவர். முன்னாடி என்கிற ஒரு சொல்லை அவர் திருப்பித் திருப்பி வைத்துப் பார்ப்பது தெரிந்தது.

"முன்னாடியா?" என்றார். அவர் மனைவி கேட்ட அதே குரலில்.

"ஒம்பது நாள் முன்னாடி."

கிருஷ்ணப்பன் பீம்ராவைப் பார்க்கவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, கழுத்தை மெல்லத் திருப்பி, படியில் நின்றவளைப் பார்த்தார். பார்வை அவள் முகம் வரை ஏற முடியாமல் மெஷினிலேயே நின்றது. அவருடைய உதடு எதையோ சொல்லத் தொடங்கி நிறுத்தியது. அவள் உதவிக்கு வரவில்லை. மெஷினின் மேல் வைத்த கையை எடுக்கவும் இல்லை.

அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம் என்று பீம்ராவுக்குத் தோன்றியது. அதுவரை சொன்னதில் கைத்தவறுதான் இருந்தது. கைத்தவறை மன்னிப்பார்கள். இன்னும் ஒரு புதன்கிழமைகூட மிஞ்சலாம்.

வரலட்சுமி அவனைப் பார்த்தாள்.

"மாமா, இன்னும் இருக்கு" என்றான் பீம்ராவ். "கிளினிக்ல டாக்டர் என்கிட்ட ஒண்ணு கேட்டாரு."